வளர்ப்பு எறும்பின் இனம் அறிய: கை லென்ஸ், மேக்ரோ லென்ஸ், ஆன்ட்வெப் – என் நீண்ட நாள் அனுபவம்

என் கட்டெறும்புக் கூட்டம் எந்த இனம் என்று உறுதி செய்ய, சில வருஷமாக மூன்றைப் பயன்படுத்துகிறேன்: பத்து மடங்கு கை லென்ஸ், போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ், எறும்புப் படங்கள் உள்ள ஆன்ட்வெப் இணையதளம்.

அதிகம் உழைத்தது கை லென்ஸ்தான். எறும்பின் நிறத்தை நம்பவே கூடாது, இடுப்பைப் பார்க்கணும். அங்கே இரண்டு கணு (முடிச்சு மாதிரிப் புடைப்பு) இருந்தால் நெருப்பெறும்பு, ஃபெய்டோல் என்ற பேரினம் எல்லாம் அடங்கிய மிர்மிசினே துணைக்குடும்பத்தின் பக்கம் போகலாம். ஒரே கணு என்றால் வயிற்று நுனியையும் பார்த்துவிடுங்கள். கட்டெறும்பு சேர்ந்த ஃபார்மிசினே துணைக்குடும்பத்துக்குக் கொடுக்கு கிடையாது. ஃபார்மிக் அமிலம் பீச்சும் வட்டத் துளைதான் இருக்கும். கட்டெறும்பின் பேரினமான காம்போனோட்டஸ் என்றால் பக்கவாட்டில் முதுகு வில் மாதிரி ஒரே வளைவாகத் தெரியும்.

நெருப்பெறும்பு, ஃபெய்டோல் இரண்டிலுமே பெருந்தலை வேலைக்காரிகள் உண்டு. பிரித்துச் சொல்வது உணர்கொம்பின் நுனி: நெருப்பெறும்புக்குத் தடித்த கடைசித் துண்டுகள் 2, ஃபெய்டோலுக்குப் பொதுவாக 3.

மேக்ரோ லென்ஸ் உயிருள்ள எறும்புக்குச் சரிப்படவில்லை. ஒரு கால் தெளிவாக விழுந்தால் தலை மங்கிவிடுகிறது. எறும்பு இருக்கும் டெஸ்ட் டியூப் கண்ணாடியில் ஈரம் படிந்திருந்தால் அதுவும் போச்சு. கூட்டமே குப்பை மேட்டில் கொண்டுவந்து போடும் செத்த எறும்பை எடுத்து, முக்கோணமாக வெட்டிய அட்டையின் நுனியில் துளி பசை வைத்து ஒட்டினால், அதே லென்ஸ் பிரமாதமாக வேலை செய்கிறது. முகம், பக்கவாட்டு, மேல் என்று மூன்று படம் எடுங்கள். கலிஃபோர்னியா அறிவியல் அகாடமியின் ஆன்ட்வெப்பிலும் இதே மூன்று கோணம்தான். பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

ராணி போடும் முதல் ஈட்டு வேலைக்காரிகளை வைத்து இனம் சொல்ல அவசரப்படாதீர்கள். அவை உருவத்திலேயே சின்னவை, தலை அளவும் வேறு. மேஜர்கள் (பெருந்தலை வேலைக்காரிகள்) வந்த பிறகுதான், பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ் 1787-இல் பெயர் வைத்த காம்போனோட்டஸ் கம்ப்ரெசஸ் படங்களோடு என் எறும்புகள் நன்றாக ஒத்துப்போயின. ஆன்ட்வெப்பில் இருப்பவை உலர்ந்த மாதிரிகள் என்பதால் நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தையும் மயிரையும் மட்டும் ஒப்பிடுகிறேன்.

இனம் தெரிவது தீனிக்கே முக்கியம். கட்டெறும்புக்குச் சர்க்கரைத் தண்ணீரும் பூச்சியும் வேணும். விதை சேர்க்கும் எறும்புக்குத் தானியம் இல்லாமல் முடியாது.

வாங்குவதானால் கை லென்ஸை முதலில் வாங்குங்கள். மோனோமோரியம் மாதிரிப் பொடி எறும்பு வளர்ப்பவர்களுக்கு மட்டும் பத்து மடங்கு போதாது. அவர்கள் நேராக யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்புக்கே போய்விடலாம்.