பழைய ஐ7 கணினிக்கு ஓர் அமைதியான கூலர்: கடலூர்க் கடற்காற்றில் நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

இன்டெல்லின் கோர் ஐ7-3770 செயலி 2012ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்தது. நான்கு கோர்கள் (கணக்கிடும் பகுதிகள்), எட்டுத் திரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்), 77 வாட் வெப்பம் என்ற அதன் கணக்கு இன்றைக்குப் பழையதாகத் தோன்றினாலும், ஒலித் தொகுப்பு வேலைக்கு அது தாராளமாகப் போதும். விண்டோஸ் 11 இதை ஆதரிப்பதில்லை என்பதால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவி, கடலூர் தேவனாம்பட்டினத்தில் உள்ள வீட்டில் இந்தக் கணினியைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்வதுதான் இதில் நடக்கும் முக்கியமான வேலை. பதிவின்போது கூரை விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிட்டு, அலைச் சத்தம் உள்ளே வராமலிருக்கச் சன்னல்களையும் சாத்திவிடுவேன். அப்போது அறையில் மிஞ்சுவது கணினியின் இரைச்சல் மட்டுமே; அறையின் வெப்பம் ஏறத் தொடங்குவதும் அதே வேளையில்தான். கணினி வாயைத் திறக்கக் கூடாத நேரமும் அதிகமாகச் சூடாகும் நேரமும் ஒன்றாகவே வருவதால், கூலரை, அதாவது செயலியின் வெப்பத்தை வெளியேற்றும் தகடுகளும் விசிறியும் கொண்ட அமைப்பைத் தேர்வதில் எனக்கு இருந்த நெருக்கடி, விளையாட்டுக்காகக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இருப்பதிலிருந்து வேறானது.

காற்றால் இயங்கும் எந்தக் கூலரும் செயலியை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. குளிர்நாட்டு அறைகளில் எடுத்த அளவீடுகளில் 60 டிகிரி என்று பார்த்துவிட்டு, அக்னி நட்சத்திரக் காலத்தில் 34 டிகிரியில் இருக்கும் நம் அறையிலும் அதையே எதிர்பார்ப்பதில் பொருளில்லை. பார்க்க வேண்டிய எண், அறை வெப்பத்தைவிடச் செயலி எத்தனை டிகிரி கூடுதலாக இருக்கிறது என்பதுதான். அந்த வித்தியாசம் ஏறத்தாழ அப்படியே இருக்கும் என்பதால், நம் ஊர் வெப்பத்தை அதனுடன் கூட்டிக்கொண்டால் கணக்கு சரியாக வரும். செயலியின் உச்ச வரம்பு 105 டிகிரி. ஆகவே வெயில் காலத்தில் 70 டிகிரியைத் தொட்டாலும் அஞ்ச வேண்டியதில்லை. வெப்பத்தை மேலும் பத்து டிகிரி குறைக்க வேண்டும் என்று விசிறியை விரட்டுவதைவிட, அந்தப் பத்து டிகிரியை விட்டுக்கொடுத்து அமைதியை வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

இதற்குக் காரணம் விசிறியின் இயல்பிலேயே இருக்கிறது. சுழற்சி வேகம் பாதியானால் அது தள்ளும் காற்றும் ஏறத்தாழப் பாதியாகிறது. ஆனால் இரைச்சலோ சுமார் 15 டெசிபெல் வரை இறங்கிவிடுகிறது. பெரிய விசிறியைக் கொண்ட, தகடுகளின் பரப்பு அதிகமான கூலரை மெதுவாகச் சுழலவிடுவது, சிறிய கூலரை வேகமாகச் சுழற்றுவதைவிட எப்போதும் மேலானது. செயலியோடு பெட்டியில் வரும் தட்டையான கூலர் 77 வாட்டைத் தாங்கிவிடும் என்பதில் ஐயமில்லை. அதைத் தாங்குவதற்கு அது எழுப்பும் ஒலிதான் ஒலிவாங்கிக்கு ஆகாதது.

நான் வாங்கியது டீப்கூல் ஏகே400. வெப்பத்தைத் தகடுகளுக்குக் கடத்தும் நான்கு ஹீட் பைப்கள், ஒரு 120 மி.மீ. விசிறி, 155 மி.மீ. உயரம், விசிறியின் வேகம் நிமிடத்துக்கு 500 முதல் 1850 சுற்றுகள் வரை. நாக்டுவா என்.எச்-டி15 போன்ற இரட்டைக் கோபுரக் கூலர்களையும் பரிசீலித்தேன். அவற்றின் தரத்தில் குறையேதுமில்லை. ஆனால் 77 வாட் செயலிக்கு அவ்வளவு பெரிய உலோகத்தை வாங்குவது வீண் செலவு. திரவக் கூலர்களை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். அவற்றில் விசிறியோடு பம்ப்பின் ரீங்காரமும் சேர்ந்துகொள்ளும். ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளிருக்கும் திரவமும் சிறிது சிறிதாகக் குறையும்.

பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கூலரைத் திருகும் துளைகளின் இடைவெளி. செயலி உட்காரும் சாக்கெட் வகைகளான எல்ஜிஏ 1156, 1155, 1150, 1151, 1200 ஆகிய அனைத்துக்கும் அது 75 மி.மீ. தான். ஆகையால் 1200க்குப் பொருந்தும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் கூலர், 2011ஆம் ஆண்டின் போர்டிலும் உட்காரும். அதற்கு முந்தைய 775இல் இடைவெளி 72 மி.மீ., பிந்தைய 1700இல் 78 மி.மீ.; இவற்றுக்குத் தனித் தாங்கிகள் வேண்டும். அடுத்தது கேபினெட்டின் அகலம். 155 மி.மீ. உயரக் கூலர் என்றால், மதர்போர்டிலிருந்து பக்கக் கதவு வரை அதைவிடச் சற்றுக் கூடுதலான இடம் தேவை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஒல்லியான பழைய கேபினெட்டுகளில் கதவு மூடாது. பெரிய நிறுவனங்கள் அலுவலகங்களுக்கென்று தயாரித்து, பின்னர் பழைய விலைக்கு வரும் கணினிகளில் பொருத்தும் முறையும் விசிறி இணைப்பியும் தனி வகையாக இருப்பது வழக்கம் என்பதால், அவற்றைத் திறந்து பார்க்காமல் கூலர் வாங்கக் கூடாது.

கூலரைப் பொருத்த மதர்போர்டை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. பின்பக்கம் தாங்கித் தகடு வைத்துத் திருக வேண்டியிருப்பதே காரணம். பிளாஸ்டிக் ஊசிகளை அழுத்திப் பொருத்தும் பழைய முறையைவிட இது எவ்வளவோ உறுதியானது. 661 கிராம் எடை செங்குத்தான போர்டில் தொங்குகிறதென்றால் அந்த உறுதி தேவைதான்.

முழுச் சுமையில், மே மாத மதியத்தில், பழைய கூலர் 85 டிகிரியைத் தாண்டிக்கொண்டும் இரைந்துகொண்டும் இருந்தது. இப்போது அதே வேலையில், விசிறி 900 சுற்றுகளில் இருக்கும்போதே, வெப்பம் 70ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. இதைவிடப் பெரிய கூலர் போட்டாலும் பெரிய மாற்றம் வராது. இந்தத் தலைமுறையில் இன்டெல் சில்லுக்கும் மேல்மூடிக்கும் இடையே, முந்தைய தலைமுறையான சாண்டி பிரிட்ஜில் இருந்ததைப் போன்ற உலோகப் பற்று வைக்காமல், வெப்பம் கடத்தும் பேஸ்ட்டையே வைத்தது. அந்த இடத்தில் தேங்கும் வெப்பத்தை வெளியிலிருக்கும் எந்தக் கூலராலும் இழுக்க முடியாது.

விசிறி வேகத்தைச் சீரமைப்பதற்கு நான் செலவிட்ட நேரம், கூலர் தேர்வுக்குச் செலவிட்டதைவிட அதிகம். பலனும் அதில்தான் அதிகமாகக் கிடைத்தது. தொடக்க அமைப்பிலேயே விட்டுவிட்டால், உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்தாலே செயலியின் வெப்பம் ஒரு கணம் துள்ள, விசிறியும் உடனே ஏறி இறங்கும். ஒரே சீரான மெல்லிய ஒலியைக் காது மறந்துவிடும், பதிவிலிருந்தும் எளிதாக நீக்கிவிடலாம். ஏறி இறங்கும் ஒலியை இரண்டும் விடாமல் பிடித்துக்கொள்ளும். மதர்போர்டின் பழைய பயாஸ் நிரலில் இதற்கான வசதி குறைவு. ஆகவே வெப்பத்தையும் விசிறி வேகத்தையும் அளந்து காட்டும் எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பை நிறுவி, அதனோடு பயன்படும் ஃபேன்கன்ட்ரோல் என்ற நிரல் வழியாக 60 டிகிரி வரை 600 சுற்றுகளிலேயே நிற்கும்படியும், அதற்கு மேல் மெல்ல ஏறும்படியும் வைத்திருக்கிறேன். வாசித்துப் பதிவு செய்வது செயலிக்கு ஒரு சுமையே அல்ல என்பதால், பதிவு முடியும்வரை விசிறி அந்த வேகத்தைத் தாண்டுவதில்லை. விசிறி நான்கு ஊசி (4 பின்) இணைப்பியில் இருந்தால் இந்தக் கட்டுப்பாடு நன்றாக வேலை செய்யும்.

கூலர் அடங்கியதும் ஹார்ட் டிஸ்கின் சுழற்சி தெளிவாகக் கேட்கத் தொடங்கியது. அதை எஸ்எஸ்டியாக மாற்றிய பிறகே அறை உண்மையில் அமைதியானது. கேபினெட்டின் பின்புற விசிறியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். தட்டையான பழைய கூலர் காற்றைக் கீழ்நோக்கி ஊதி, செயலியைச் சுற்றியுள்ள மின்சீரமைப்புப் பகுதியையும் குளிர்வித்துவந்தது. கோபுரக் கூலர் பக்கவாட்டில் ஊதுவதால் அந்த வேலையைப் பின்புற விசிறியின் இழுப்புதான் ஈடுசெய்ய வேண்டும்.

கடற்கரை வீடுகளில் தூசி உதிரியாக இருப்பதில்லை. உப்பும் ஈரமும் சேர்ந்து, தகடுகளின் மீது பிசுக்காகப் படிந்துவிடுகிறது. ஊதுகுழலுக்கு அது அசைந்து கொடுக்காது. மென்மையான பிரஷ்ஷால் உலர்ந்த நிலையில் தேய்த்த பின்னரே ஊத வேண்டும். ஊதும்போது விசிறி தாறுமாறாகச் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்வது நல்லது. வடகிழக்குப் பருவமழை முடிந்து தையில் ஒரு முறை, சித்திரை பிறப்பதற்குள் இன்னொரு முறை என்று சுத்தம் செய்து வருகிறேன். அலுமினியத் தகடுகளின் ஓரத்தில் ஆங்காங்கே வெண்மையாகப் பூத்திருக்கிறது. வெப்ப அளவில் அதனால் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. விசிறியின் பேரிங்கிலும் இதுவரை உறுமல் எழவில்லை. பேஸ்ட்டை மாற்ற நாள் கணக்குப் பார்ப்பதில்லை. அதே அறை வெப்பத்தில், அதே வேலைக்கு, வழக்கத்தைவிட ஐந்தாறு டிகிரி கூடினால் மட்டுமே கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிதாக வைக்கிறேன்.

கூலரோடு வந்த 1700க்கான தாங்கிகளை எறிந்துவிடாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கேபினெட்டுக்குள்ளேயே ஒட்டி வைத்திருக்கிறேன். மதர்போர்டு என்றைக்காவது கைவிட்டால், புதிய போர்டுக்கு இதே கூலர் போகும்.