மிளகாய் நாற்றுக்கு வேமா, பாஸ்போபாக்டீரியாவா?

வேம், பாஸ்போபாக்டீரியா என்ற இரண்டு உயிர் உரங்களையும் மணிச்சத்துக்காகத்தான் (பாஸ்பரஸ்) வாங்குகிறோம். என் மிளகாய்க்கு நான் எடுத்தது வேம் (VAM) என்கிற வேர் உட்பூசணம், அதாவது வேருக்குள் வாழும் பூஞ்சை. அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன்.

பாஸ்போபாக்டீரியா எல்லோருக்கும் பழகியது. விலை குறைவு, தொழு உரத்தோடு கலந்து தூவினால் வேலை முடிந்தது. மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தை அமிலம் சுரந்து கரைத்துக் கொடுக்கும். ஆனால் கரைந்த மணிச்சத்து மண்ணில் அதிகம் நகராது. வேர்தான் தேடிப் போக வேண்டும். வேம் அந்த வேலையைச் செய்கிறது. வேருக்குள் குடியேறி, வேர் எட்டாத இடத்துக்கும் இழை விட்டு மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவருகிறது. கூலியாகச் செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும்.

சரி, நான் வேம் பக்கம் சாய்ந்தது நாற்றங்கால் கணக்கால். உயிருள்ள வேர் கிடைக்காவிட்டால் இந்தப் பூசணம் வளராது. நடவு வயலில் ஏக்கருக்கு 5 கிலோ போடச் சொல்கிறார்கள். 100 சென்ட்டில் அதைத் தூவினால் எந்த வேருக்கு எவ்வளவு கிடைக்கும்? நாற்றங்காலுக்குச் சதுர மீட்டருக்கு 100 கிராம். ஒரு ஏக்கர் மிளகாய்க்கு ஒரு சென்ட் பாத்தி, அதாவது 40 சதுர மீட்டர், ஆக 4 கிலோ. செலவு கிட்டத்தட்ட அதேதான். ஆனால் விதைக்குக் கீழே 2, 3 செ.மீ. ஆழத்தில் பரப்பிவிட்டால், இறங்குகிற வேரெல்லாம் அதைத் தொட்டுத்தான் போக வேண்டும். நாற்றைப் பிடுங்கி நட்டால் பூசணமும் கூடவே வயலுக்கு வந்துவிடும். குழித்தட்டு நாற்று வாங்குகிறவர்கள் விதைக்கும் முன்பே பண்ணையில் சொல்லிக் கலக்கச் சொல்ல வேண்டும், அது எல்லா இடத்திலும் நடக்காது.

அப்புறம் அதைக் கெடுக்காமல் இருக்க வேண்டும். நாற்றழுகல் வந்துவிடுமோ என்று கார்பண்டசிம் பூஞ்சைக்கொல்லியை ஊற்றினால் வேமும் அடிவாங்கும். மணிச்சத்து நிறைந்த டிஏபி உரத்தை அள்ளிப் போட்டால் செடிக்குப் பூசணத்தின் தயவு தேவையில்லை, உள்ளே விடாது. நான் நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான ட்ரைக்கோடெர்மா விரிடி விதைநேர்த்தியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

விளைச்சல் எவ்வளவு கூடியது என்று என்னால் எண் சொல்ல முடியாது. நட்டபின் வாட்டம் குறைவு என்பது கண்ணால் பார்த்தது, அதுவும் மிளகாயில் மட்டும்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி போடுகிறவர்கள் வேம் வாங்க வேண்டாம். கடுகுக் குடும்பத்து வேரில் அது சேராது. தண்ணீர் கட்டிய நெல்வயலிலும் சரியாகப் பிடிக்காது. அங்கெல்லாம் பாஸ்போபாக்டீரியாதான். மிளகாய்க்கே கையில் காசு இருந்தால் பாத்திக்கு வேம், வயலுக்குப் பாஸ்போபாக்டீரியா என்று இரண்டையும் போடலாம். ஒன்றை ஒன்று கெடுக்காது.