க்ளான்ஸோட 20 கேள்வி டெஸ்ட்: போட்டுப் பாருங்க, ஆனா டோட்டலை மட்டும் பாத்துட்டு மூடி வெக்காதீங்க

சொந்தமா கம்பெனி நடத்துறவங்க, வேலையில கிடுகிடுன்னு மேல போனவங்க, இவங்கள்ல நிறைய பேர் தனியா பேசும்போது சொல்றது ஒரே விஷயம்தான், "இதுக்கெல்லாம் எனக்குத் தகுதி இல்ல, என்னைக்காச்சும் ஒருநாள் வெளிய தெரிஞ்சுடும்"னு. இந்த இம்போஸ்டர் சிண்ட்ரோமை அளக்கறேன்னு ஆன்லைன்ல ஏகப்பட்ட க்விஸ் சுத்துது, பல இடத்துல கடைசில ஒரு கோர்ஸைத் தலையில கட்டிடுவாங்க. அசல் வேணும்னா பாலின் க்ளான்ஸ் 1985ல கொண்டுவந்த ஸ்கேல்தான். 1978ல சுசான் ஐம்ஸோட சேர்ந்து இதைப் பத்தி முதல் கட்டுரை எழுதின சைக்காலஜிஸ்ட் இவங்க, டெஸ்ட்டை அவங்க வெப்சைட்லயே பிடிஎஃப்பா போட்டிருக்காங்க.

மொத்தம் 20 வாக்கியம், ஒவ்வொண்ணுக்கும் 1லேர்ந்து 5 வரைக்கும் மார்க். 40 வரைக்கும் வந்தா கம்மி, 60 வரைக்கும் நடுத்தரம், 80 வரைக்கும் அடிக்கடி வருது, அதுக்கு மேல போனா ரொம்ப தீவிரம். யோசிச்சுட்டே உக்காராம மனசுல முதல்ல வர்றதைப் போடச் சொல்றாங்க, அது நல்ல விஷயம், ஏன்னா யோசிச்சா எல்லாரும் 3 போட்டுட்டு போயிடுவோம்.

எனக்குப் பிடிக்காதது, மார்க் ஏற ஏற பாதிப்பு அதிகம்னு மட்டும் சொல்லிட்டு பேப்பர் முடிஞ்சிடுது, 75 வந்தவங்க தனக்கு ஏதோ வியாதின்னு நெனச்சுக்குவாங்க. ஆனா முதல் வாக்கியத்தையே நல்லா படிங்க, சரியா பண்ண மாட்டோம்னு பயந்துட்டே போய் பல தடவை ஜெயிச்சிருக்கேன்ங்கற அர்த்தத்துல இருக்கு. பயமும் இருக்கு ஜெயிச்சதும் இருக்கு, அந்த ஜெயிச்ச பாதியை டெஸ்ட் கண்டுக்கவே இல்ல!

அந்தப் பாதியைத்தான் எம்ஐடி பேராசிரியர் பசீமா டியூஃபிக் ஆராய்ச்சி பண்ணி 2022ல வெளியிட்டாங்க. ஒரு முதலீட்டு ஆலோசனை கம்பெனி ஆட்களையும் பயிற்சி டாக்டர்களையும் வெச்சுப் பாத்ததுல, இந்த மாதிரி எண்ணம் அதிகமா இருக்கறவங்க மத்தவங்ககிட்ட நல்லா பழகறாங்கன்னு பேர் வாங்கியிருக்காங்க, அதுலயும் டாக்டர்கள் பேஷண்ட் முகத்தைப் பாத்துப் பேசி தலையாட்டிக் கேட்டிருக்காங்க, நோயைக் கண்டுபிடிக்கறதுல குறிப்பிடற அளவுக்கு எந்தக் குறையும் இல்ல. தனக்கு எல்லாம் தெரியும்னு நெனைக்கறவன் எதிர்ல இருக்கறவனை எங்க கேக்கப் போறான்? தொழில் பண்றவங்களுக்கு கஸ்டமர் சொல்றதைக் காது குடுத்துக் கேக்கறதை விட பெரிய முதல் எதுவும் கிடையாது, நான் அதை முழுசா நம்பறேன்.

அட்லாசியன்ங்கற ஆஸ்திரேலிய சாஃப்ட்வேர் கம்பெனியை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான மைக் கேனன்-ப்ரூக்ஸ் இன்னொரு உதாரணம். 2002ல சிட்னில கிரெடிட் கார்டு கடன்ல ஆரம்பிச்சு அவ்ளோ பெரிய கம்பெனி ஆக்கினப்புறமும் அந்த உணர்வு போகலன்னு மேடையிலயே சொன்னவர். 2017ல தென் ஆஸ்திரேலியா கரண்ட் பிரச்சினையை பேட்டரி வெச்சு 100 நாள்ல தீர்க்க முடியுமான்னு ட்விட்டர்ல ஈலான் மஸ்க்கைக் கேட்டுட்டார், விஷயம் பெருசானதும் தனக்கு அந்த ஃபீல்டு தெரியாதுன்னு ஒதுங்காம தெரிஞ்சவங்களை எல்லாம் கேட்டு அவசர அவசரமா படிச்சிருக்கார், அந்த வருஷ கடைசியில 100 மெகாவாட் பேட்டரி ஓட ஆரம்பிச்சிடுச்சு.

அதனால டோட்டலை விட எந்த வாக்கியத்துக்கு 5 போட்டீங்கன்னு பாருங்க. சரியா பண்ண மாட்டோமோங்கற பயத்து பக்கம் ஏறியிருந்தா அது உங்களுக்கு வேலை செய்யுதுன்னு எடுத்துக்கலாம். யாராவது நம்மளை எடை போட்டுடுவாங்களோன்னு ஒதுங்கற வாக்கியத்துக்கு 5 வந்தா அது வேற கதை, ரேட் கேக்கத் தயங்கறது, பெரிய ஆர்டரை வேணாம்னு சொல்றது எல்லாம் அங்கேர்ந்துதான் வருது, தூக்கமும் போகுதுன்னா கவுன்சிலரைப் போய் பாருங்க.

இன்னொண்ணு, ப்ரமோஷன் மாதிரி நல்ல சேதி உறுதியாகற வரைக்கும் வெளிய சொல்லத் தயங்குவேன்னு ஒரு வாக்கியம் இருக்கு. நம்ம ஊர்ல கண்ணு பட்டுடும்னு யாருமே சொல்ல மாட்டோம், அதுல மார்க் ஏறினா பெருசா எடுத்துக்காதீங்க.

5க்கு 4 குடுப்பேன். பேப்பர் இங்கிலீஷ்லதான், ஆனா சுலபமான இங்கிலீஷ். பார்ட்னர் இருந்தா ரெண்டு பேரும் தனித்தனியா போட்டுட்டு அப்புறம் பேப்பரை மாத்திப் படிங்க.