கறுப்பு கிரானைட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: எங்கள் அடுப்பு மேடை எட்டே மாதத்தில் வெளுத்த கதை

வீடு கட்டுகிறவர்கள், சமையலறையை மாற்றப் போகிறவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். நாங்கள் பால் காய்ச்சிக் குடிவந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் சிங்க்கைச் சுற்றி ஒன்றரை அடிக்குக் கறுப்பு போய், சாம்பல் பூத்த மாதிரிக் கிடக்கிறது எங்கள் அடுப்பு மேடை.

கிரானைட் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. என் அம்மா வீட்டில் 1999இல் போட்ட கறுப்புக் கல் இன்றைக்கும் முகம் பார்க்கிற மாதிரி இருக்கிறது. கொதிக்கிற குக்கரை அப்படியே இறக்கி வைப்பார். புளி, எலுமிச்சை, மஞ்சள் எது சிந்தினாலும் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். கண்ணாடி டம்ளர் விழுந்தால் பிழைக்காது, தண்ணீர்த் திட்டு ஒன்றுவிடாமல் தெரியும். அதற்கு மேல் அந்தக் கல்லில் அவர் ஒரு குறையும் சொன்னதில்லை. அதைப் பார்த்து வளர்ந்ததால்தான் டைல்ஸ் வேண்டாம், கறுப்பு கிரானைட்தான் என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

நாங்கள் சேலம் பக்கம். கிருஷ்ணகிரி, ஓசூர் வழியில் ரோட்டோரம் கிரானைட் யார்டுகள் நிறைய. உள்ளூரைவிடச் சதுர அடிக்கு ஐம்பது ரூபாய் குறையும் என்று சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரரும் அத்தையும் போனோம். கடைப் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் கொடுக்கிற வேலை நடந்துகொண்டிருக்கிறது.

கடைக்காரர் ஒரு பலகை மேல் பக்கெட் தண்ணீரை வீசி ஊற்றிக் காட்டினார். "ஜெட் பிளாக்குங்க மேடம். ஒரு புள்ளி காட்டுங்க பாக்கலாம்." உண்மையிலேயே ஒரு புள்ளி இல்லை. சதுர அடி 220 ரூபாய் என்று பேசி முடித்தோம். தண்ணீர் பட்டால் சாம்பல் கல்லும் கறுப்பாகத்தான் தெரியும் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. உலர்ந்த கல்லை, வெயிலில் நிற்க வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

கல் வீட்டுக்கு வந்து, முன் ஓரத்தை உருட்டி மோல்டிங் அடித்தார்கள். அப்போது நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். மெஷின் ஓடிய இடமெல்லாம் வெளிர் சாம்பலாக வந்தது. பட்டறை ஆள் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து, துணியில் கறுப்பாக எதையோ தொட்டு ஓரம் முழுக்கத் தேய்த்தார். "பாலிஷ்ங்கக்கா" என்றார். நம்பினேன். நல்ல கறுப்புக் கல்லாக இருந்தால் படிப்படியாக நைசான பாலிஷ் கல் போட்டுத் தேய்க்கத் தேய்க்க ஓரமும் தன்னாலேயே மேல்பரப்பின் நிறத்துக்கு வந்துவிடும், டப்பா எதற்கு என்று பிறகுதான் ஒருவர் சொல்லிக் கேட்டேன்.

தீபாவளிக்கு அதிரசம் சுட்டுவிட்டு, மேடையில் சிந்தின எண்ணெயைப் பழைய வேட்டித் துணியால் துடைத்தேன். துணி கறுத்தது. அடுப்புக் கரி என்று விட்டுவிட்டேன். பொங்கலுக்குள் சிங்க் ஓரம் திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டது.

கடைக்குப் போன் போட்டோம். "உங்க போர் தண்ணி உப்புங்க, அது படிஞ்சிருக்கு. வினிகர் போட்டுத் துடைங்க" என்றார். எங்கள் போர் தண்ணீர் உப்புதான், பொய்யில்லை. அதனால் அதையும் நம்பினேன். குழாயடியில் படிந்திருந்த வெள்ளை உப்பு வினிகரில் கரைந்து போனது. சாம்பல் திட்டு மட்டும் இம்மியும் அசையவில்லை. உப்பு என்றால் அதுவும் கரைந்திருக்க வேண்டும் இல்லையா?

உண்மை தெரிந்தது கொல்லைப்புறத்தில்தான். சிங்க்குக்காக வெட்டி எடுத்த துண்டை அத்தை வீணாக்காமல் துணி துவைக்கிற இடத்தில் போட்டு வைத்திருந்தார். எட்டு மாத வெயிலும் சோப்புத் தண்ணீரும் பட்டு அது முழுக்கச் சாம்பல். ஒரு மூலையில் மட்டும், மேலே பக்கெட் கவிழ்த்து வைத்திருந்த இடத்தில், வட்டமாகக் கறுப்பு மிச்சமிருந்தது. ஒரே பலகையில் வெட்டிய கல் அது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்துவிட்டது.

அம்மா வீட்டுக்குக் கல் போட்ட மேஸ்திரிக்கு இப்போது வயதாகிவிட்டது. அவரைக் கூட்டி வந்தோம். நெயில் பாலிஷ் அழிக்கிற திரவம் இருக்கிறதா என்று கேட்டார். அதில் அசிட்டோன் இருக்க வேண்டுமாம். வெள்ளைப் பஞ்சில் நனைத்து, இன்னும் வெளுக்காத இடத்தில் பத்துப் பதினைந்து தடவை அழுத்தித் தேய்த்தார். பஞ்சு மை தொட்ட மாதிரி ஆனது. "சாயம் ஏத்துன கல்லும்மா இது. மட்டமான சாம்பக் கல்லுக்குக் கலர் கொடுத்து, மேல மெழுகு பாலிஷ் போட்டு விட்ருக்காங்க. அசல் கறுப்புன்னா பஞ்சு வெள்ளையாவே இருக்கும்." விழுப்புரம் பக்கத்துக் குன்னம் பிளாக் மாதிரி இயற்கையிலேயே கறுப்பான கற்கள் நம் ஊரிலேயே கிடைக்கின்றன. அவற்றுக்கு எந்தச் சாயமும் தேவையில்லை.

அவர் இன்னொரு சோதனையும் சொன்னார். கடையில் சாம்பிள் துண்டு வாங்கி வந்து எலுமிச்சைச் சாறு சொட்டி அரை மணி நேரம் விடுங்கள். மங்கலான தடம் விழுந்தால் அது அடுப்பு மேடைக்கு ஆகாது. கடப்பா கல்லில் அப்படித்தான் விழும். அது சுண்ணாம்புக் கல் வகை, அலமாரித் தட்டுக்குச் சரி, புளியும் எலுமிச்சையும் புழங்குகிற இடத்துக்குச் சரிவராது. வெளிர் நிறக் கல் எடுப்பவர்கள் தண்ணீர்த் துளி வைத்துப் பாருங்கள். சில நிமிடத்தில் உறிஞ்சிக் கருத்தால், எண்ணெயும் மஞ்சளும் அதே மாதிரி உள்ளே இறங்கும். அந்த வகைக் கல்லுக்கு, எதுவும் உள்ளே இறங்காமல் தடுக்கிற சீலர் என்ற பூச்சு அடித்தே ஆக வேண்டும்.

அளவிலும் ஏமாற்றியிருக்கிறார்கள். எங்கள் மேடை 'எல்' வடிவம், ஒரு பக்கம் 10 அடி, இன்னொரு பக்கம் 6 அடி, அகலம் 2 அடி. மொத்தம் 32 சதுர அடி. அவர்கள் நீளத்தில் அரை அடி, அகலத்தில் மூன்று அங்குலம் கூட்டி 38.25 சதுர அடிக்குப் போட்டிருக்கிறார்கள். 6.25 சதுர அடி, 1,375 ரூபாய். வெட்டுச் சேதாரம் எல்லாக் கடையிலும் உண்டுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு சேர்ப்பார்கள் என்று விலை பேசும்போதே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

எங்கள் பெரிய தவறு பில் வாங்காதது. ஜிஎஸ்டி மிச்சம் என்று சொன்னதில் மயங்கி, வெள்ளைத் தாளில் எழுதிய எஸ்டிமேட்டோடு வந்துவிட்டோம். அதில் 'பிளாக்' என்று மட்டும் இருக்கிறது. ஜெட் பிளாக் என்றோ, சாயம் இல்லை என்றோ ஒரு வார்த்தை கிடையாது. இப்போது கடைக்காரர், "நான் பிளாக்னுதானங்க குடுத்தேன்" என்கிறார். என் வீட்டுக்காரர் கோபத்தில் சத்தம் போட்டுவிட்டார். அன்றிலிருந்து போனை எடுப்பதில்லை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் பிரச்சினை வந்ததிலிருந்து 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. பணத்தை ஜிபேயில் அனுப்பியிருந்ததால் அந்த ரசீது கையில் இருக்கிறது, அது ஒன்றுதான் எங்களுக்குத் தெம்பு. மேஸ்திரி தேய்த்ததை வீடியோ எடுத்திருக்கிறேன். கொல்லைப்புறத் துண்டைக் கழுவித் துடைத்து, தேதி எழுதி, பரண் மேல் பத்திரமாக வைத்துவிட்டேன். அத்தைக்குத் துவைக்க வேறு கல் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.