ஃபிக்லெட் எழுத்துருக்கள்: ஒரே எழுத்துக்கு எத்தனை பெயர்?

போன கிழமை கடைக் கொம்பியூட்டரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. புதிதாக ஒன்று போட்டு எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அக்காவின் மகன் கோப்புறையைப் பார்த்துவிட்டு, "மாமா, இதுக்குள்ள எழுத்துரு மட்டும் நானூறுக்கு மேல கிடக்கு. நான் எதை எடுக்க?" என்று கேட்டான். "ஏழு போதும்" என்றேன். அந்த ஏழுக்கு வந்து சேர எனக்கு ஆறு வருசம் எடுத்தது.

திருகோணமலையில் பில் பிரிண்டர் பூட்டிக் கொடுப்பதும் திருத்துவதும் என் தொழில். உப்புவெளியில் இருந்து நிலாவெளி வரை சாப்பாட்டுக் கடைகள், சின்ன விடுதிகள். 58 மில்லிமீற்றர் தாள் என்றால் ஒரு வரிக்கு 32 நிரல் (ஒரு குறி அடங்கும் இடம் ஒரு நிரல்), 80 மில்லிமீற்றர் என்றால் 48. மலிவான பிரிண்டருக்குப் படம் அனுப்பினால் இழுத்து இழுத்துத்தான் அடிக்கும். ஃபிக்லெட் என்பது விசைப்பலகைக் குறிகளையே வரி வரியாக அடுக்கிப் பெரிய எழுத்தாக ஆக்கும் மென்பொருள். கடைப் பெயரை அதில் கோடும் சாய்கோடுமாக ஆக்கி அனுப்பினால் பளிச்சென்று வரும். 1991இல் தொடங்கியது, இன்றைக்கும் ஒரு நாள் என்னைக் கைவிட்டதில்லை.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது எழுத்துகள் ஒன்றோடொன்று சேரும் விதம். பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி படித்தோமே, தோன்றல், திரிதல், கெடுதல் என்று, கிட்டத்தட்ட அதேதான். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு | வந்தால் ஒன்று கெட்டு ஒன்று நிற்கும். / உம் \ உம் முட்டினால் | ஆகத் திரியும். கிடைக்கோடு, பக்கத்துச் சாய்கோட்டுக்கு இடம் விட்டுப் போய்விடும். கிடையாகச் சேர ஆறு விதி. எந்தெந்த விதி பொருந்தும் என்பதை எழுத்துருவின் முதல் வரியில் உள்ள ஓர் எண்ணே சொல்லும். இவ்வளவு யோசித்துச் செய்த பொருளைப் பார்த்தால் மனம் நிறைகிறது.

கோபமெல்லாம் தொகுப்புகளின் மேல்தான். ஃபிக்லெட்டோடு வருவது 18 எழுத்துரு. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஸ்லாண்ட் ஆறு வரி உயரம், அதன் சின்ன வடிவம் ஐந்து வரி, மினி நாலு வரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிறகு ஆட்கள் சேர்த்துச் சேர்த்துப் பெருக்கிய நூற்றுக்கணக்கானவற்றில்தான் ஒரே எழுத்து மூன்று பெயரில், நாலு பெயரில் கிடக்கிறது. கடைக்காரர் முன்னால் நிற்க, ஒவ்வொன்றாக அடித்துக் காட்டி, "இதுதானே முதலும் காட்டினீங்க" என்று அவர் சொல்லும்போது வீணாகப் போவது தாளும் என் நேரமும்.

முதலில் செக்சம் (பைலில் உள்ளதை வைத்துக் கணக்கிடும் அடையாள எண்) பார்த்து ஒரே மாதிரியானவற்றைக் களைந்தேன். விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் அகப்பட்டது. இரண்டு பைலைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பார்த்த பிறகுதான் காரணம் விளங்கியது. ஆங்கில முதல் எழுத்தின் அடிவரி இரண்டிலும் /_/   \_\ என்றே இருக்கிறது. ஒன்றில் வரி முடிவுக் குறி @, மற்றதில் #. ஒன்றில் நகராத வெற்றிடத்துக்கு, அதாவது எழுத்துகள் நெருங்கும்போது சாதாரண வெற்றிடம்போல் விழுங்கப்படாத இடத்துக்கு, $, மற்றதில் வேறு குறி. ஒன்று விண்டோஸில் சேமித்தது, மற்றது லினக்ஸில். தாளில் விழுவது ஒன்றுதான், செக்சம் மட்டும் வேறு வேறு. அதனால் பைலை விட்டுவிட்டு, அது அச்சிடுவதை ஒப்பிட்டேன். 95 எழுத்தையும் ஒவ்வொன்றாக அடித்து, வரிக் கடைசி வெற்றிடத்தை நீக்கி, விளைவைச் சோடி சேர்த்தேன். கும்பல் கும்பலாக அகப்பட்டன. அழித்தேன்.

அதில்தான் பிழை விட்டேன். சீசன் தொடங்கியதும் ஒரு கடையில் இருந்து அழைப்பு: பெயரின் கடைசி எழுத்து அடுத்த வரிக்குப் போய்விட்டதாம். எழுத்துகள் தனித்தனியாக ஒன்றுதான், ஆனால் நான் அழித்ததில் முதல் வரியில் உள்ள அந்தச் சேர்க்கை எண் 15, வைத்துக்கொண்டதில் -1, அதாவது சேரவே கூடாது. ஆறு எழுத்துப் பெயரில் ஐந்து சந்திப்பு. சந்திப்புக்கு ஒரு நிரல் கூடினாலே ஐந்து நிரல், 32க்குள் எப்படி அடங்கும்? அன்றில் இருந்து தனி எழுத்தோடு நான் உண்மையில் அடிக்கும் கடைப் பெயர்களையும் ஓட்டித்தான் ஒப்பிடுகிறேன். ஜெர்மன் எழுத்து ஏழையும் தனியாகப் பார்ப்பேன். ஒரு நகலில் அவை இருக்கும், மற்றதில் வெறுமையாக இருக்கும். நிலாவெளி விடுதி ஒன்றில் விருந்தினர் பெயருக்கு அது வேண்டியிருந்தது.

தமிழில் ஏன் அடிப்பதில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். யூனிகோடு எண் கொடுத்து எழுத்துச் சேர்க்கலாம், சேர்த்தும் பார்த்தேன். 'கெ' யூனிகோடில் க முதலில், கொம்பு பிறகு. ஃபிக்லெட் வந்த வரிசையிலேயே அடிப்பதால் கொம்பு வலப்பக்கம் போய் நிற்கும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கொம்பை முதலில் தட்டிப் பழகிய கைக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது. 'கு', 'டு', 'மு' எல்லாவற்றுக்கும் தனித்தனி வடிவம் வேண்டும், உகரக் குறியை மட்டும் தனியாக ஒட்டிச் செய்ய வழியில்லை. 32 நிரலில் இரண்டு எழுத்துக்கு மேல் அடங்கவும் இல்லை. ஆசையோடு தொடங்கினேன், மனவருத்தத்தோடு நிறுத்தி வைத்திருக்கிறேன்.

என்னால் பொறுக்க முடியாத இன்னொன்று உண்டு. ஒவ்வொரு எழுத்துருவின் தலையிலும் செய்தவர் பெயர் எழுதும் குறிப்பு வரிகள் உண்டு. ஸ்டாண்டர்ட் என்ற எழுத்துருவின் பைலைத் திறந்தால் கிளென் சாப்பல், இயன் சாய் இருவர் பெயரும், 1993 மார்ச் என்ற காலமும், பிராங்க் என்பவர் மின்னஞ்சலின் அடியில் போட்ட கையொப்பத்தில் இருந்து வந்தது என்ற குறிப்பும் இருக்கும். பிராங்க், இயன், கிளென் மூவரின் முதலெழுத்துத்தான் ஃபிக்லெட் என்ற பெயரின் முன்பாதி. யாரோ ஒருவர் இரவிரவாக ஒவ்வொரு கோடாக வைத்து வரைந்ததை எடுத்து, அந்த வரிகளை வெட்டி, பெயரை மாற்றிச் சுற்றுக்கு விடுவது நியாயமே இல்லை. அதனால் சோடியில் எதை வைத்திருப்பது என்பதற்கு என்னிடம் ஒரே விதிதான்: செய்தவர் பெயர் உள்ளது நிற்கும்.

என் தீர்ப்பு: ஃபிக்லெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள், பெரிய தொகுப்புகளை எடுக்க வேண்டாம். அக்காவின் மகனுக்கும் அதைத்தான் சொன்னேன், அந்த ஏழு எழுத்துருவை மட்டும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். "அப்ப மிச்சத்தை அழிக்கட்டா மாமா?" என்றான். வேண்டாம் என்று விட்டேன். பெயர் வெட்டப்பட்ட நகல்கள் அதற்குள் இன்னும் முப்பதளவில் கிடக்கின்றன. அவற்றை வரைந்தவர் பெயரோடு மூலப் பைல் கிடைக்கும்வரை அந்தக் கோப்புறை அப்படியே இருக்கட்டும்.