ரெப்ளிகேஷன் போட வந்த டீம்: வேலைக்கு நாலு ஸ்டார், லைனுக்கு ஒன்று

சென்னை தண்டையார்பேட்டையில் கன்டெய்னர் கிளியரன்ஸ் பார்க்கிற கம்பெனி எங்களுடையது, சர்வர் ரூம் தரைத்தளத்தில். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் வாசல்படி வரை வந்து நின்றது, அதற்கப்புறம்தான் இங்கே எழுதுவதெல்லாம் ஹைதராபாத்தில் இன்னொரு ஸ்டோரேஜிலும் போய்ச் சேர வேண்டும், அதாவது ரெப்ளிகேஷன் வேண்டும் என்று முதலாளிக்கு ஞானம் பிறந்தது. அந்த இணைப்பைப் போட்டுக்கொடுத்த டீமைப் பற்றித்தான் இது. பெயர் போடவில்லை. ஏஎம்சி (வருஷாந்திர பராமரிப்பு ஒப்பந்தம்) இன்னும் அவர்களிடம்தான், ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் போனை எடுக்க வேண்டுமே.

முதலில் வந்த சேல்ஸ் ஆள் சிங்க் ரெப்ளிகேஷன்தான் போடணும், ஒரு பைட் டேட்டாகூடத் தொலையாது என்று ஒரேயடியாக அடித்துவிட்டார். சிங்க் என்றால் இங்கே எழுதுகிற ஒவ்வொன்றும் அங்கே விழுந்து, வந்துவிட்டது என்ற பதில் திரும்பிய பிறகுதான் இங்கே பில் போடுகிற பையனின் திரை நகரும். ஃபைபரில் ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோசெகண்ட், கேபிள் 700 கிலோமீட்டர் என்று வைத்தாலே ஒவ்வொரு தடவையும் போக வர 7 மில்லிசெகண்ட், நடுவில் இருக்கிற நெட்வொர்க் பெட்டிகளின் நேரம் தனி. வேலைக்கு வந்த இன்ஜினியர் தம்பி இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டு, "அண்ணே, இது வேலைக்கு ஆகாது, ஏசிங்க் போட்டு, அதாவது இங்கே எழுதி முடித்துவிட்டு அங்கே அப்புறமாக, 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை அனுப்பலாம்" என்று தன் கம்பெனி ஆள் சொன்னதையே மறுத்தான். அங்கேயே எனக்கு அவன்மேல் மரியாதை வந்துவிட்டது.

அடுத்தது முதல் காப்பி. எங்களிடம் 18 டெராபைட், லைன் 200 எம்பிபிஎஸ். லைன் முழுக்கக் கிடைத்தாலும் எட்டு நாளைக்கு மேல் ஆகும். அதனால் ஹைதராபாத் போக வேண்டிய ஸ்டோரேஜ் பெட்டியையும் முதலில் இங்கேயே இறக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து 10 ஜிகாபிட் கேபிளில் கோத்து, முழு காப்பியும் முடித்து, அப்புறம் லாரியில் ஏற்றினார்கள். அங்கே போனதும் ரெப்ளிகேஷன் போர்ட்டுகளுக்குப் புது ஐபி கொடுத்து, இடையில் மாறிய பிளாக்குகளை மட்டும் அனுப்பினால் போதும்.

போதும் என்று நினைத்தோம். இரண்டு பக்கமும் லிங்க் பச்சை, பிங் (சின்ன டெஸ்ட் பாக்கெட்) போகிறது, ஃபயர்வாலில் இரண்டு திசையும் திறந்தாயிற்று, ஆனால் டேட்டா நகரவே இல்லை. ஒன்றரை நாள் ஒரே பேஜார். கடைசியில் பார்த்தால் ஸ்டோரேஜ் போர்ட்டில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, பைட்டில்) 9000, நடுவில் டெலிகாம் லைன் 1500. சின்ன பிங் போகும், பெரிய பாக்கெட் வழியிலேயே விழுந்துவிடும். பாக்கெட்டை உடைக்காதே என்று சொல்லி 8972 பைட்டில் ஒரு பிங் விட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். இரண்டு முனையிலும் 1500 ஆக்கினதும் ஓட ஆரம்பித்தது. தம்பி நல்லவன்தான், ஆனாலும் இதை வந்த அன்றே பார்த்திருக்கணும்.

டேட்டாபேஸின் டேட்டா லன்னையும் (லன் என்றால் ஸ்டோரேஜில் பிரித்துக் கொடுத்த டிஸ்க்), மாற்றங்களைக் குறித்துவைக்கிற லாக் லன்னையும் தம்பி நான் கேட்காமலேயே ஒரே கன்சிஸ்டன்சி குரூப்பில் (எல்லாம் ஒரே நேரத்து நிலையில் போகிற குரூப்) போட்டிருந்தான். தனித்தனியாகப் போனால் இரண்டும் வேறு வேறு நேரத்தில் நிற்கும், அங்கே டேட்டாபேஸ் எழுந்திருக்காமல் முரண்டு பிடிக்கும். டிரில் அன்றைக்கு லிங்க்கை நிறுத்தி ஹைதராபாத்தில் ஏற்றிப் பார்த்தோம், 40 நிமிஷத்தில் பில் போட முடிந்தது. நாலு ஸ்டார் இதற்குத்தான்.

எரிச்சல் லைன் விஷயத்தில். இரண்டு கம்பெனி, இரண்டு வழி என்று கொட்டேஷனில் எழுதித் தனியாகப் பணம் வாங்கினார்கள். ஏப்ரலில் டி.எச். ரோட்டில் ஒரு ஜேசிபி பள்ளம் தோண்டியதில் இரண்டும் ஒரே நொடியில் போயிற்று. இரண்டு ஃபைபரும் ஒரே பள்ளத்தில், தோளில் கைபோட்டபடி கிடந்திருக்கின்றன! ஆறு மணி நேரம் லிங்க் இல்லை. ஏசிங்க் என்பதால் இங்கே வேலை நிற்கவில்லை, லைன் வந்ததும் விட்டுப்போனது மட்டும் போய்ச் சேர்ந்தது. இதுவே சிங்க்காக இருந்தால், எப்படி செட் பண்ணியிருக்கிறோம் என்பதைப் பொறுத்து, எங்கள் ஆபீஸே நின்றிருக்கும்.

நீங்கள் யாராவது போடுவதாக இருந்தால் கேபிள் எந்தத் தெரு வழியாக வருகிறது என்று மேப் கேளுங்கள், இரண்டு பில் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். சண்டை போட்ட பிறகு எங்கள் இரண்டாவது லைனை மாதவரம் பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அதற்கும் ஒரு தனி பில் அனுப்பியிருக்கிறார்கள், நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.