செஸ்நட் மரத்தை மறுபடி காட்டுல நிறுத்தணும்னா எந்த வழி?

கொட்டை காய்க்கிற காட்டு மரமான அமெரிக்க செஸ்நட் அழிஞ்சுபோச்சுன்னு சொல்றது பாதிதான் உண்மை. கிழக்கு அமெரிக்காவோட அப்பலாச்சியன் மலைக்காட்டுல இன்னிக்கும் இருக்கு, ஆனா மரமா இல்ல, பழைய வேர்ல இருந்து கெளம்புற துளிரா. 1904ல நியூயார்க் பிராங்ஸ் மிருகக்காட்சி சாலையில மொதல்ல கண்ணுல பட்ட பட்டைக்கருகல் பூஞ்சை, ஆசியாவுல இருந்து எறக்குன செஸ்நட் கன்னுங்களோட வந்தது, ஒரு அம்பது வருஷத்துக்குள்ள 300, 400 கோடி மரத்த காலி பண்ணிடுச்சு. மண்ணுக்குள்ள இருக்குற வேர மட்டும் அதால ஒண்ணும் பண்ண முடியல. அதனால வெட்டிப்போட்ட முருங்கை மாதிரி துளிர்த்துக்கிட்டே இருக்கு, கொஞ்சம் தடிச்சு பட்டை வெடிக்க ஆரம்பிச்சதும் திரும்ப பூஞ்சை புகுந்துடும், பெரும்பாலும் காய்க்கறதுக்குள்ள செத்துடும்.

சீன செஸ்நட்டையே நட்டா என்ன, அது நோயத் தாங்குமேன்னு கேப்பீங்க. தாங்கும். ஆனா அது தோப்புல பரந்து நிக்கிற குட்ட மரம், ஓக் மரத்தோட மல்லுக்கட்டி மேல போய் வெயிலப் புடிக்காது. அத இந்த லிஸ்ட்லயே சேக்கல.

மொத ஆப்ஷன் பேக்கிராஸ். நம்ம டெல்டாவுல சிஆர் 1009 சப் 1 நெல்லு போட்டவங்களுக்கு இது ஈசியா புரியும். வெள்ளத்தைத் தாங்குற ஒரு ரகத்தோட ஒட்டு சேத்து, திரும்பத் திரும்ப பழைய சிஆர் 1009 கூடவே கலந்து, வெள்ளம் தாங்குற குணத்த மட்டும் வச்சுக்கிட்டு மத்ததெல்லாம் பழைய நெல்லாவே மாத்துனாங்க. இதே கணக்குதான் சார்லஸ் பர்ன்ஹாம் போட்டதும், அவர் மக்காச்சோள மரபியல் ஆளு. சீன மரத்தோட சேத்து, மூணு தடவ அமெரிக்க மரத்தோட பேக்கிராஸ் பண்ணா 16ல 15 பங்கு அமெரிக்க மரம் கெடைக்கும். 1983ல அமெரிக்கன் செஸ்நட் ஃபவுண்டேஷன் ஆரம்பிச்சாங்க, வர்ஜீனியா மெடோவியூல பண்ணை போட்டு ஆயிரக்கணக்குல கன்னு வளத்தாங்க. எங்க இடிச்சுதுன்னா, நெல்லுல வெள்ளம் தாங்குறதுக்கு சப் 1ன்னு ஒரே எடம்தான் முக்கியம், செஸ்நட்ல ரெண்டு மூணு ஜீன்தான் இருக்கும்னு நெனச்சது தப்பாப் போச்சு, குரோமோசோம் பூரா செதறிக் கெடக்கு. அமெரிக்க ரத்தம் கூடக்கூட எதிர்ப்பு கொறையுது. அதனால தேறுன மரம் பெரும்பாலும் நடுத்தரமா தாங்குற ரகந்தான்.

ரெண்டாவது, ஜீன் மாத்துன மரம். பூஞ்சை ஆக்சாலிக் அமிலத்தக் கக்கித்தான் பட்டைய சாகடிக்குது. கோதுமையில அந்த அமிலத்த ஒடைக்கிற ஒரு ஜீன் இருக்கு, நியூயார்க்ல இருக்குற சுனி ஈஎஸ்எஃப் வனவியல் காலேஜ்ல வில்லியம் பவல், சார்லஸ் மேனார்டு டீம் அத எடுத்து செஸ்நட்ல வச்சாங்க. பூஞ்சையக் கொல்லாது, அதோட ஆயுதத்தத்தான் புடுங்குது, கேக்கவே அழகா இருக்குல்ல? டார்லிங் 58ன்னு பேரு, 2020ல அரசாங்க அனுமதிக்கு அப்ளிகேஷனும் போட்டாச்சு. 2023 கடைசியிலதான் குண்டு வெடிச்சுது. 58ன்னு நெனச்சு வருஷக்கணக்கா சோதிச்சது உண்மையில அதே டீமோட இன்னொரு மரமான 54ஆம், லேபிள் மாறிப்போச்சு. அந்த 54ல புது ஜீன் மரத்தோட சொந்த ஜீன் ஒண்ணுக்குள்ளயே போய் ஒக்காந்திருக்கு. வளர்ச்சி மந்தம், சாவும் அதிகம்னு சொல்லி ஃபவுண்டேஷன் ஆதரவ வாபஸ் வாங்கிடுச்சு. காலேஜ் விடல, அந்த மரத்தோடயே அனுமதி வேலையத் தொடருறாங்க. பவல் அதே வருஷம் நவம்பர்லதான் காலமானார்.

மூணாவது வைரஸ். பூஞ்சைக்கே காய்ச்சல் வர வைக்கிறது. இத்தாலியில 1950கள்ல பட்டைப்புண் தானா ஆறுன மரங்களப் பாத்து கண்டுபுடிச்சாங்க, ஐரோப்பாவுல நல்லா எடுபட்டுச்சு. அமெரிக்காவுல பூஞ்சை வகை ரொம்ப அதிகம், ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது, ஒட்டலன்னா வைரஸ் தாவாது. விஸ்கான்சின் வெஸ்ட் சேலம்ல 1992ல இருந்து வைரஸ் புடிச்ச பூஞ்சைய புண்ணு புண்ணா தடவிப் பாத்தாங்க, காடு பூரா தானா பரவுற அளவுக்கு வரல. தனியா இது வேலைக்காகாது, ஏற்கனவே ஓரளவு தாங்குற மரத்துக்கு கைக்கம்பு மாதிரி ஒதவலாம்.

என்னக் கேட்டா காச மொத ஆப்ஷன்லதான் போடுவேன், பழைய கணக்குல இல்ல. 15 பங்கு இருக்கணும்ங்கற புடிவாதத்த விட்டுட்டு, டிஎன்ஏ பாத்து இருக்குறதுலயே நல்லதா எடுத்து தலைமுறை தலைமுறையா மறுபடி கலக்குறது, இப்ப அங்க அதத்தான் பண்றாங்க. மெதுவான வேலைதான். ஆனா தெற்குப் பக்கம் வேரழுகல் நோய் இன்னொண்ணு இருக்கு, பைட்டோப்தோரா, அது அந்த வேரையே கொன்னுடும், கோதுமை ஜீன் அதுக்கு ஒண்ணும் பண்ணாது, சீன மரம் அதையும் தாங்கும். ஒத்த ஜீன நம்பி மலையே நடுறதும் எனக்கு பயமாத்தான் இருக்கு. ஜீன் மாத்துனதுலயே 54 இல்லாம வேற நல்ல மரம் வந்தா அதையும் இதுல கலக்கட்டும், நான் ஒண்ணும் ஜீன் மாத்துறதுக்கு எதிரி கிடையாது.

இதுக்கெல்லாம் முன்னாடி, நெழல்ல கெடக்குற அந்தக் காட்டுத் துளிருங்க. எந்த வழிக்கும் தாய்மரம் அதுதான், ஒவ்வொரு தடவ செத்து மொளைக்கும்போதும் வேர் எளச்சுக்கிட்டே போகுது. மேல கொஞ்சம் வெயில் விட்டு ஒரு ஜூன் மாசம் பூக்க வச்சு மகரந்தத்த எடுத்துட்டா போதும். அதுக்கு லேபும் வேணாம், அனுமதியும் வேணாம், ஒரு கோடாலியும் ஏணியும் போதும்.